பவுன்தாயின் முதுகில் இறங்கிய பனி

திராட்சைக் கொடிக்கு வரும் செவட்டை நோய், கொடிக்கு வருவதற்கு மூன்று நாள் முன்னதாகவே பவுன்தாயின் முதுகுக்கு வரத் தொடங்கியபோது வெள்ளையான்பட்டியில் யாரும் அதிசயப்படவில்லை. அதிசயப்பட நேரமில்லை. ஐப்பசி பிறந்து, மேற்கு மலை மேல் மேகம் கூடி, ஊரே மருந்து அடித்துக்கொண்டிருந்தது.

கம்பம் பள்ளத்தாக்கில், இரண்டு பக்கமும் மலை எழும்பி நிற்க, நடுவில் தட்டின் அடியில் கிடப்பதுபோலக் கிடக்கும் ஊர் அது. வடக்கு எல்லையில் பந்தலுக்குள் நுழைந்த ஆள் தெற்கு எல்லையில் வெளியே வருகிறவரை தலையில் வெயில் படாமல் நடக்கலாம், அவ்வளவு நெருக்கமாகத் திராட்சைப் பந்தல்கள் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டு நின்றன. மழை பெய்தால் மருந்து அடித்தார்கள், மழை பெய்யும்போல இருந்தால் மருந்து அடித்தார்கள், பனி விழுந்தால் அடித்தார்கள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரன் அடித்துவிட்டானே என்பதற்காக அடித்தார்கள். மருந்தின் வாடை கிணற்றில் இருந்தது, கொடியில் காயும் துணியில் இருந்தது, ஆட்டிவைத்த இட்லி மாவில் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் தேனீயைப் பாடப்புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

பவுன்தாய்க்கு அங்கே நிலம் கிடையாது. அவள் புருஷன் தவசி கூலிக்கு மருந்தடிக்கிறவன். மோட்டார் டேங்கிலிருந்து நீளும் ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடி நடப்பான், அடித்த மருந்தில் பாதி இலைக்குப் போகும், பாதி அவன் முகத்துக்கு வரும். கல்யாணமான நாளிலிருந்து அவன் கண்கள் சிவப்பாகவே இருந்ததால் அவன் கண்ணின் நிறமே அதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனுடைய இருமல் அந்த வீட்டில் மூன்றாவது ஆளைப்போல இருந்தது. அவள் மட்டும் விடியும் முன்பே எழுந்து, தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காட்டுக்குப் போகும் ஜீப்பில் ஏறிவிடுவாள். எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஜீப்பில் இருபது பெண்கள், மடிக்கு மேல் மடியாக. வளைவுக்கு வளைவு காது அடைக்கும், மேலே போகப்போக மருந்து வாடை கழன்று ஈர மண் வாடை வரும், யாராவது ஒருத்தி யாரையாவது கேலி பண்ணத் தொடங்குவாள், சிரிப்பில் ஜீப்பே ஒரு பக்கம் சாயும். தன் வாழ்க்கையில் எது நல்லது என்று யாராவது கேட்டிருந்தால் பவுன்தாய் அந்த ஜீப்பைத்தான் சொல்லியிருப்பாள். யாரும் கேட்டதில்லை.

அந்த ஜீப்பில்தான் முதலில் தெரிந்தது. அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த கொண்டம்மா, ரவிக்கை முதுகுப்பக்கம் நனைந்திருக்கிறதே என்றாள். ஏலக்காட்டில் இறங்கி மறைவில் விலக்கிப் பார்த்தபோது வலது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பனித்துளிகள் நின்றன, சேம்பு இலையில் நிற்பதுபோல உருண்டு உருண்டு. துளிகளுக்கு அடியில் வெள்ளையாக, மெல்லிசாக, கெட்டுப்போன ஊறுகாயின் மேல் படர்வதுபோல ஒரு பூஞ்சை. துடைத்தால் போனது, கை எடுத்தால் வந்தது. உச்சி வெயிலில் தானாகக் காய்ந்தது. சாயங்காலம் ஜீப் கடைசி வளைவைத் தாண்டி ஊருக்குள் இறங்கியதும் மறுபடி அதே இடத்தில் குளிர்ந்தது.

மூன்றாம் நாள், ஊரிலேயே பெரிய தோட்டக்காரரான சீலமுத்துவின் கிழக்குப் பந்தலில் இலைகளின் மேல் எண்ணெய் தெறித்த மாதிரி மஞ்சள் வட்டங்கள் விழுந்தன, இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை. அடுத்த வாரம் பவுன்தாயின் இடுப்புக்கு மேலே நனைந்தது, தெற்கே சுடுகாட்டை ஒட்டிய தோட்டத்தில் காய்கள் செவந்து சுருங்கின. கொண்டம்மாவுக்கு வாய்க்கால் ஓரம் சின்னதாக ஒரு பந்தல் இருந்தது. மூன்றாம் முறை முதுகெலும்பை ஒட்டிப் பனி நின்றபோது கொண்டம்மா அதை ஊரோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கழுத்து வடக்கு எல்லை, இடுப்பு தெற்கு எல்லை, நடுவில் ஓடுகிற எலும்பு பெரிய வாய்க்கால். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஊர் திரும்பி, தன் பந்தலில் மட்டும், அதுவும் அந்த மூலையில் மட்டும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கச் சொன்னாள். அவள் பந்தலுக்கு அந்த முறை நோய் வரவில்லை. சந்தோஷத்தில் அவள் நாலு பேரிடம் சொன்னாள், நாலு பேர் ஊரிடம் சொன்னார்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. ஆண்கள் முதுகைப் பார்ப்பது முறையில்லை என்பதால் தோட்டக்கார வீட்டுப் பெண்கள் தெருவுக்கு இரண்டு பேராக முறை வைத்துக்கொண்டு விடியலில் பவுன்தாயின் வீட்டுக்கு வந்தார்கள், ஆண்கள் தெருவில் டீ கிளாஸோடு நின்றார்கள். பெண்கள் வெளியே வந்து, மடைக்குக் கிழக்கே என்றோ, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் என்றோ சொல்வார்கள். சொன்ன இடத்துக்குரியவன் மட்டும் போய்ப் பந்தலில் அடர்ந்த இலைகளைக் கிள்ளிக் காற்றும் வெளிச்சமும் உள்ளே விடுவான், உதிர்ந்த சருகைக் கூட்டி எரிப்பான், அதற்கும் மிஞ்சினால் கொஞ்சமாக மருந்தடிப்பான். அடித்த மறுநாள் பவுன்தாயின் முதுகில் அந்த இடம் காய்ந்து, மயில்துத்த நிறத்தில் ஒரு நீலப் பூச்சு மட்டும் தங்கும். இரண்டு தோட்டங்களின் வரப்பின் மேல் பனி நின்றால் சண்டை வந்தது. அளந்து சொல்ல சர்வேயரைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்க, பெண்கள் நூல் பிடித்து அளந்து, வரப்பு இந்தப் பக்கம்தான் என்று முடித்துவைத்தார்கள். மருந்துக் கடைக்காரர் பாதிக் கடையைச் செல்போன் ரீசார்ஜுக்கு மாற்றிக்கொண்டார். நிலமில்லாத வீட்டுப் பெண்கள் ஒரு நாள் கேட்டார்கள், எங்கள் வீடெல்லாம் இதில் எங்கே இருக்கிறது என்று. தேடினார்கள், இல்லை. பவுன்தாயின் வீடும் இல்லை. அத்தனை பேர் தோட்டத்தைச் சுமந்த அந்த முதுகில் அவளுக்கென்று ஒரு குழி நிலம்கூட இல்லை.

ஒரு நாள் மலைமேல் வேலை முடிய நேரமாகிவிட்டது. மழையில் பாதை அடைத்துக்கொண்டதால் பெண்கள் நாலைந்து நாள் ஏலக்காட்டிலேயே தங்கினார்கள். மலைமேல் அவள் முதுகு காய்ந்தே கிடந்தது. கீழே இரண்டு தோட்டங்களில் நோய் சொல்லாமல் இறங்கி, பழுக்க இருந்த கொத்துகளை எல்லாம் தின்றுவிட்டது. அவள் திரும்பி வந்தபோது யாரும் கோபப்படவில்லை. சீலமுத்து வந்து, துண்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி வாசலில் நின்று, தங்கச்சி இனிமேல் மேலே போகவேண்டாம், உனக்கு என்ன வேணுமோ அது வாசலுக்கு வரும் என்றார். வந்தது. அரிசி வந்தது, காய் வந்தது, கேஸ் சிலிண்டரை யாரோ தோளில் தூக்கி வந்து மாட்டிவிட்டுப் போனார்கள், தண்ணீர்க் குடத்தைக்கூட அவளைத் தூக்கவிடவில்லை. வீட்டுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. அவள் கடைத்தெருவரை நடந்தால் நாலு பேர் எழுந்து, எங்கத்தா கிளம்பிட்ட என்று அன்பாகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அவளுக்கு மல்லாந்து படுக்க முடியாமல் போனது. நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டதுபோல எந்நேரமும் ஒரு குளிர், நோய் கண்ட தோட்டத்துக்காரன் சோம்பேறியாக இருந்தால் அவன் வேலையை முடிக்கிறவரை அந்த இடத்தில் ஓர் அரிப்பு. இந்தப் போகம் முடியட்டும் என்று அவளே முதலில் நினைத்தாள். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் போகம் முடிவதில்லை. ஒருவன் கொடியை ஒட்ட நறுக்கிக் கவாத்து வெட்டும்போது அடுத்தவன் தோட்டத்தில் பூ, அதற்கடுத்தவன் தோட்டத்தில் பிஞ்சு, அதற்கும் அடுத்தவன் தோட்டத்தில் அறுவடை. எல்லாரும் ஒன்றாக அறுத்தால் விலை விழுந்துவிடும் என்று ஆளுக்கொரு மாதம் வெட்டினார்கள். வருஷம் முழுவதும் எங்கேயாவது ஒரு பந்தலில் இளம் இலை இருந்தது, எங்கே இளம் இலை இருந்ததோ அங்கே போய் நோய் குடியிருந்தது, நோய் குடியிருக்கிறவரை அவள் முதுகு ஊருக்கு வேண்டியிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால் ஊர் நன்றாக இருந்தது. இரண்டாம் வருஷம் சீலமுத்துவின் பந்தலில் தேனீ வந்து கூடு கட்டியது, அதைப் பார்க்கப் பள்ளிக்கூடமே வரிசையில் போனது. பிள்ளைகள் கழுவாமல் பழம் தின்றார்கள், யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. தவசி வாரக்கணக்கில் ஓஸைத் தொடவில்லை, கூலிக்கு இலை கிள்ளவும் கொடி கட்டவும் போனான். அவன் கண்ணின் சிவப்பு மெல்ல மெல்லக் கரைந்து, ஒரு நாள் காலையில் அவள் பார்த்தபோது உள்ளே வெள்ளை இருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் அவள் அதுவரை பார்த்திராத ஓர் இளம் பழுப்பு இருந்தது. இருமல் வீட்டை விட்டுப் போயிருந்தது. இதையெல்லாம் பார்த்த பிறகு, நான் போகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கதவைத் திறந்தால் வெளியே போகலாம், ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் புருஷனின் மூச்சு படுத்துக் கிடந்தது, அதை மிதிக்காமல் தாண்ட முடியாது.

ஆனாலும் ஒரு விடியலில், பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதும், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஜீப் ஊர் எல்லை வரை போய் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடியில் பார்த்துச் சொன்னான்:

“அத்தை, எங்கப்பா தோட்டம் இப்பத்தான் பூ எடுத்திருக்கு.”

அவள் இறங்கிக்கொண்டாள். ஜீப் வளைவு வளைவாக ஏறி மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் மூன்று பேர் அவளை டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்.

அந்த மாதம் தோட்டக்கலை அதிகாரி ரெஜினா ஊர்க் கூட்டம் போட்டாள். சின்ன வயசுப் பெண், வருஷாவருஷம் வந்து ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஒரே மாதிரி டீயைக் குடித்துவிட்டுப் போகிறவள். ஊர் முழுக்க ஒரே வாரத்தில் கவாத்து வெட்டினால் கொஞ்ச நாளைக்கு எங்கேயுமே இலை இருக்காது, இலை இல்லாவிட்டால் நோய்க்கு வீடு இல்லை, பாதி மருந்து தானாகக் குறைந்துவிடும் என்றாள். வழக்கம்போல, விலை யார் கொடுப்பது என்று கேட்டுச் சிரித்தார்கள். கூட்டம் நடந்த மடம் பவுன்தாயின் வீட்டுக்கு எதிரில் இருந்தது. அவள் ஜன்னலில் நின்று கேட்டாள். கொஞ்ச நாளைக்கு எங்கேயுமே இலை இருக்காது என்ற வார்த்தையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் அன்றைய முறைக்குரிய பெண்கள் வந்து கதவைத் தட்டியபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பவுன்தாய் கம்பளியைக் கழுத்திலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் மொத்தமும் ஒரே வாரத்தில் வெட்டட்டும், அதுவரை யாருக்கும் முதுகு இல்லை என்று உள்ளிருந்தே சொன்னாள். நெல்லுக்கு மடை அடைப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சீலமுத்து வந்தார், அவர் பேச்சில் முதலில் அன்பும் பிறகு வருத்தமும் பிறகு கணக்கும் வந்தன. அவள் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அதிகாலையில் தோட்டத்துக்குப் போயிருந்த தவசியும் வெளியேதான் மாட்டிக்கொண்டான். கூட்டம் கலைந்ததும் கதவில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“நீ எந்தப் பக்கம்?” என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

அவன் ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தான். பிறகு, “மூச்சு நல்லா இருக்கு பவுனு. அதான் என்னால ஒண்ணும் சொல்ல முடியல” என்றான்.

மேற்கே மேகம் கறுத்தது. எந்தத் தோட்டம் என்று தெரியாததால் எல்லாத் தோட்டத்துக்கும் அடித்துவிடுவது என்று ஊர் முடிவெடுத்தது. தூசி படிந்து கிடந்த மோட்டார்களை வெளியே இழுத்தார்கள், மருந்துக் கடைக்காரர் மறந்துபோன டப்பாக்களைத் தேடி எடுத்தார், தவசியைக் கூப்பிட்டார்கள், அவன் போனான். அன்றைக்கு முழுக்க மோட்டார் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய வாடை ஜன்னல் வழியாக வந்து கம்பளியில் உட்கார்ந்தது. மத்தியானத்துக்கு மேல் மோட்டார் சத்தத்துக்கு நடுவில் அவன் இருமலும் கேட்டது. அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு முதுகைத் திறந்து காட்டினால் நின்றுவிடுகிற இருமல் அது. காட்டினால் தன் மிச்ச ஆயுசு முழுக்கக் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தாழ்ப்பாளைப் பிடித்தபடியே அழுதாள்.

சாயங்காலம் அவன் வந்தபோது அவனுக்கு மட்டும் திறந்தாள். வெந்நீர் வைத்து முகம் கழுவவிட்டாள். கண்கள் பழைய நிறத்துக்குப் போயிருந்தன. அவள் அடுப்புப் பக்கம் திரும்பியபோது கம்பளியின் முதுகில் மூன்று இடத்தில் ஈரம் ஊறியிருந்ததை அவன் பார்த்தான். வாய்க்காலுக்கு மேற்கே இரண்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒன்று. எந்தெந்தத் தோட்டம் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும், பெயர் சொன்னால் நாளைக்கு அந்த மூன்றுக்கு மட்டும் அடித்தால் போதும். அவன் சாப்பிட்டுவிட்டுத் தெருவுக்குப் போனான். தெருவில் கேட்டவர்களிடம், கம்பளியாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்றான். மறுநாளும் ஓஸைத் தூக்கினான்.

அதை முதலில் பொறுக்கமாட்டாமல் போனது கொண்டம்மாவுக்குத்தான். தவசி தன் பந்தலுக்கு ஓஸை இழுத்துக்கொண்டு வந்தபோது வேண்டாம் என்று மறித்து, கவாத்துக் கத்திரியை எடுத்து, பிஞ்சு பிடித்துக் கொத்துக் கொத்தாக நின்ற தன் பந்தலைத் தானே வெட்டத் தொடங்கினாள். புருஷன்காரன் ஓடிவந்து கையைப் பிடித்தான். மறு கையால் வெட்டினாள். ஒரு போகத்துப் பழம் தரையில் விழுந்தது. பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் ஓரத்தில் ஒரு துண்டு வானம் திறந்துகொண்டது, ஊர் பந்தலான நாளிலிருந்து அந்த இடத்தில் விழாத வெயில் அங்கே விழுந்தது. விடியல்தோறும் பவுன்தாயின் முதுகைப் பார்த்த பெண்கள் எல்லாரும் அந்த வெயிலைப் பார்க்க வந்தார்கள். நூல் பிடித்து அளந்தவர்கள் அவர்கள், துடைத்தவர்கள், நீலம் தங்கிய இடத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டவர்கள். ஆண்களுக்கு அது ஒரு செய்தி, இவர்களுக்கு அது ஒரு முதுகு. மறுநாள் சீலமுத்துவின் மனைவி கத்திரியோடு இறங்கினாள். சீலமுத்து வரப்பில் நின்று, அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கிறது என்றார். “அப்ப அறுத்துட்டு வெட்டுவோம்யா, வெட்டாம விடமாட்டோம்” என்றாள் அவள். பழுத்ததை அறுத்தார்கள், பழுக்காததை அழுதுகொண்டே வெட்டினார்கள். சிலர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. ஊரில் கடைசிப் பந்தல் வெட்டி முடிந்த அன்று, குளித்துவிட்டு வந்த பவுன்தாய் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள். சுவர் உலர்ந்தே இருந்தது.

அவள் மறுநாள் ஜீப்பில் மேலே போனாள், ஏலக்காட்டுக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்திலேயே தங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் பாறை விளிம்பில் நின்று கீழே பார்ப்பாள். பச்சைக் கூரைக்கு அடியில் கிடந்த ஊர் முழுக்கக் கம்பியும் கட்டையுமாக நின்றது, சிவந்த மண் தெரிந்தது, மண்ணில் நடக்கிற ஆட்கள் எறும்புபோலத் தெரிந்தார்கள், எல்லாருடைய தலையிலும் வெயில் விழுந்தது. தோட்டக்காரர்கள் அண்ணாந்து மலையைப் பார்க்கிறார்கள் என்று வார முடிவில் போய் வந்த பெண்கள் சொன்னார்கள். மல்லாந்து படுத்துத் தூங்கிய அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு வயசு குறைந்ததாகவும் சொன்னார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது, கொடி துளிர்க்காமல் இருக்காது, துளிர்த்தால் ஊர் ஆள் அனுப்பாமல் இருக்காது.

ஒரு மத்தியானம் தவசி வந்தான். அவன் ஏலச்செடிகளுக்கு இடையில் வருவதைப் பார்த்ததுமே அவள் புரிந்துகொண்டாள், ஆனாலும் எழவில்லை, களை பிடுங்கிக்கொண்டே இருந்தாள். அவன் கண்கள் மறுபடி வெளுத்திருந்தன. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, ஊரில் எல்லாரும் அவளை விசாரித்ததாகச் சொன்னான், சீலமுத்து கண்டிப்பாக விசாரிக்கச் சொன்னார் என்றான். சொல்லி முடித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

“துளிர் விட்டிருச்சு.”

“எத்தனை எலை?”

“ரெண்டு.”

அவள் கையிலிருந்த களையை உதறி வரிசை ஓரத்தில் போட்டாள். அடுத்த செடிக்கு நகர்ந்து குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“மூணாவது வரட்டும்” என்றாள்.

அவன் சரி என்றான். கல்லிலிருந்து எழுந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, அவளுக்குப் பக்கத்து வரிசையில் களை பிடுங்கத் தொடங்கினான்.